சம்பந்தி வீட்டுக்குப் போன கத்தி

பிப்ரவரி 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகனும் என் மகளும் நலமாக இருப்பதாக நேற்றுத்தான் போனில் சொன்னார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இதையும் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன மாதம் நாம் இருவரும் பேசியது எப்படி முடிந்தது என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. யார் முதலில் போனை வைத்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். கம்பெனி விஷயம் எழுத்தில் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது.

நம் வேட்டைக் கத்தியை வாங்கிய ஒருவர் ஓடையைக் கடப்பதற்காகப் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குனிந்திருக்கிறார். இடுப்பில் இருந்த உறையின் பட்டி தானாகத் திறந்து, கத்தி நழுவி, அவருடைய வெறுங்காலில் விழுந்திருக்கிறது. காயம் ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை. அவர் எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. அதன் பிறகு வேறு வேறு கடைகளிலிருந்து இதே புகார் வந்துகொண்டிருக்கிறது. கத்தி உறைக்குள் முழுதாக இறங்குவதில்லை. பட்டியில் உள்ள பிரஸ் பட்டன் பாதி மாட்டிக்கொண்டு, பூட்டியதுபோல் பாவனை காட்டுகிறது.

தலைமை அலுவலகம் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறது. பழுது உறையில்தான் என்று நான் எழுதினால், உங்கள் தோல் உறைப் பிரிவை மூடிவிட்டு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறையை வெளியில் வாங்குவதாக முடிவாம். உங்களிடம் இதை மறைப்பது முறையல்ல, அதனால் சொல்லிவிட்டேன்.

இங்கே எந்தக் கத்தியும் என் மேசையைத் தாண்டாமல் போவதில்லை. நீங்கள் அனுப்பிவைத்த மாதிரி உறையில் ஒவ்வொன்றையும் செருகி, பட்டன் மாட்டி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்த பிறகுதான் எண்ணெய்க் காகிதத்தில் சுற்ற விடுகிறேன். ஒன்றுகூட விழுந்ததில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டேன் என்று ஆலையில் எனக்கு 'அரை மில்லி' என்று பட்டப்பெயர். என் காதில் விழாது என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். விழுகிறது. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

ஆகவே உங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். உறவு வேறு, அறிக்கை வேறு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(கத்தி ஆலை, ஆய்வாளர்)


பிப்ரவரி 7

சம்பந்திக்கு,

வணக்கம் சொல்லிக்கொண்டே கழுத்தில் கத்தி வைப்பதை உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். போனை முதலில் வைத்தது நீங்கள்தான். அது இருக்கட்டும்.

அந்த மனிதரின் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இருபத்தாறு பெண்களும் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் அடிக்கும் பெண் அழவே தொடங்கிவிட்டாள். "அக்கா, அது நான் அடிச்ச பட்டனா இருக்குமோ? ஒரு மனுஷனோட கால்ல போய் விழுந்துருக்கே!" என்றாள். "நீ அடிச்சதா? யானை இழுத்தாலும் வராது. சாப்பிடுடி" என்றேன். சொன்னேனே தவிர, அன்று மாலை அவள் அடித்த பட்டன் ஒன்றைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தோல் கிழிந்தது, பட்டன் அசையவில்லை. மறுநாள் கிழிந்த தோலை அவளிடம் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

எங்கள் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரிக் கத்தி என் மேசையில்தான் இருக்கிறது. தைத்து முடித்த ஒவ்வொரு உறையும் அந்தக் கத்தியை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கிற பித்தளைக் காப்பு உறையின் வாயில் வந்து உட்கார வேண்டும். பட்டி இழுபடாமல் மாட்ட வேண்டும். மாட்டவில்லையென்றால், இடுப்பு பெல்ட் நுழைகிற வளையத்தில் சிவப்பு நூல் கோத்து முடிச்சுப் போட்டு, சுவரோரக் கூடையில் எறிந்துவிடுவோம். சிவப்பு நூல் கட்டிய உறை இன்றுவரை எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. எங்களுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. அந்தச் சிவப்பு நூல் போதும்.

கடைசியாக ஒன்று. "உறவு வேறு, அறிக்கை வேறு" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் உங்களிடம் சலுகை கேட்டேனா? மாப்பிள்ளையைப் பெற்றவள் என்பதற்காக நீங்கள் ஒரே ஒரு வரியைத் தணித்து எழுதினாலும் அது எனக்குத்தான் அவமானம். "சம்பந்தி தயவுல ஓடுது" என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள். எங்கள் கைவேலை யார் தயவிலும் ஓட வேண்டாம். உறையில் பழுது என்றால் உறை என்றே எழுதுங்கள். நிரூபித்துவிட்டு எழுதுங்கள்.

உறைப் பிரிவிலிருந்து,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த காரத்தை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். கொஞ்சம்தான் மிஞ்சியது.

கடைகளிலிருந்து திரும்பிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. அதாவது, கத்திகள் மட்டும். சேமிப்புக் கிடங்கில் பெட்டியைப் பிரித்துக் கத்தியை எனக்கும் உறையை உங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். அவரவர் பொருள் அவரவருக்கு என்ற நியாயம்போலிருக்கிறது. வந்த அத்தனையையும் மாதிரி உறையில் செருகிப் பார்த்தேன். எல்லாமே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. பட்டன் சுத்தமாக மாட்டியது. அவற்றைப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் பார்வையில்தான் பழுது என்று எழுத வேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சலுகை காட்டுவதாக நான் எங்கும் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் தணிந்துதான் போவான் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகவே அந்த வரியை எழுதினேன். அது உங்களுக்கு உறுத்தியிருந்தால், வரி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

அறிக்கையை மாத முடிவுக்குள் கேட்கிறார்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 16

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எனக்கு வந்த உறைகளிலும் உங்கள் மாதிரிக் கத்தி இறங்கத்தான் செய்தது. அப்படியென்றால் உங்கள் கத்தியும் சரி, என் உறையும் சரி, அந்த மனிதரின் கால்தான் தப்பு. இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று விடுமுறை. கடைத்தெருவுக்குப் போய், நாம் செய்த கத்தியையே காசு கொடுத்து வாங்கினேன். கடைக்காரர், "வேட்டைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "சம்பந்தியைத் தேடிப் போறேன்" என்றேன். மனிதர் அவசர அவசரமாக மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். தோலில் கிடந்தால் அலகு கறுத்துப்போகும் என்று கத்தியைத் தனியாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, உறையைப் பக்கத்தில் வைத்துத்தானே மூடுகிறார்கள்? அது சரிதான். ஆனால் கத்தியும் உறையும் முதன்முதலாக ஒன்றுசேர்வது வாங்கியவர் கையில்தான் என்று நீங்களோ நானோ ஒருநாளாவது யோசித்தோமா?

கடைக் கத்தி கடை உறையில் இறங்கவில்லை. விரலின் நகம் அளவுக்கு வெளியே நின்றது. பட்டியை இழுத்து மாட்டினேன். டிக் என்று சத்தமும் வந்தது. குனிந்தேன், திறந்துகொண்டது. பிறகு உங்கள் மாதிரிக் கத்தியை அதே உறையில் போட்டேன். ராஜா மாதிரி போய் உட்கார்ந்தது.

இரண்டு கத்தியையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் மாதிரியில் என் முகம் தெரிகிறது. காப்பின் முனைகள் உருண்டிருக்கின்றன. பிடி இளைத்திருக்கிறது. கடைக் கத்தி நல்ல கத்திதான், ஆனால் எல்லா இடத்திலும் கொஞ்சம் சதைப்பிடிப்போடு இருக்கிறது. என் மகன் கல்யாணத்தில் நீங்கள் போட்டிருந்த சட்டையும் தினமும் ஆலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையும் ஒன்றா? சொல்லுங்கள், இந்த மாதிரிக் கத்தி யார் மெருகேற்றியது? வரிசையில் வந்த கத்திதானா இது? உங்கள் கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்துத்தான் நாங்கள் இத்தனை நாளாக உறை தைத்துக்கொண்டிருக்கிறோம்!

உறைப் பிரிவிலிருந்து,
(தலை நிமிர்ந்தபடி) உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். படித்த பிறகு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது.

மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சு முடிந்த மாதம்தான் இந்தக் கத்தியின் முதல் வரிசையும் வந்தது. மாதிரி ஒன்றை உறைப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார்கள். வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அது யார் மேசைக்குப் போகப்போகிறது என்று தோன்றியது. சம்பந்தி வீட்டுக்குப் போகிற பொருள் இப்படியா இருப்பது என்று மெருகேற்றும் சக்கரத்தில் நானே உட்கார்ந்தேன். காப்பின் முனை கொஞ்சம் கூர்மையாகப் பட்டது, உருட்டினேன். பிடி கைக்கு இன்னும் இதமாக இருக்கலாமே என்று இழைத்தேன். முடிந்தபோது அப்படி ஒரு கத்தி இந்த ஆலையில் அதுவரை வந்ததில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளக்கத் தோன்றவே இல்லை. ஊரார் பொருளை எல்லாம் அளப்பவன், என் பெருமையை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் நானும் கடைத்தெருவுக்குப் போனேன். நானும் ஒரு பெட்டி வாங்கினேன். நீங்கள் எனக்கு அனுப்பிய மாதிரி உறையைக் கடை உறைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா, இது என்ன தோல்? என் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு ஒரு கைப்பை தைச்சுத் தரச் சொல்லுங்க" என்கிறாள். கடை உறையின் தோல் விறைப்பாக, தடிமனாக இருக்கிறது. அதுதான் காட்டுக்கு ஏற்றது. உங்கள் மாதிரியோ உள்ளே மெழுகு தேய்த்து, தையல் கோட்டை நூலளவு வெளியே தள்ளி, தொட்டிலாட்டம் செய்யப்பட்டிருக்கிறது. இதில் என் ஆலையின் மோசமான கத்தியும் இறங்கும். சக்கரத்துக்குப் போகாத இரும்புப் பட்டைகூட இறங்கும். இதில் செருகிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் சரி என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சட்டைக் கேள்வியை இப்போது நான் திருப்பிக் கேட்கலாமா?

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 24

சம்பந்திக்கு,

கேளுங்கள். பட்டுப்புடவைதான். ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பட்டன் அடிக்கிற பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பெண் வீட்டார் பார்க்கப்போகிற என் முதல் வேலை அது. இருந்த தோலிலேயே நல்லதைத் தேடி, ஒருத்தரையும் தொடவிடாமல் நானே தைத்தேன். கையை உள்ளே விட்டு விட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் தடவி எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா வளர்த்த பிள்ளை நன்றாகத்தான் இருப்பான் என்று நீங்கள் நினைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

சிரித்து முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சவைக்கப் போய், யாரோ ஒருவர் ஓடைக் கரையில் ரத்தம் சிந்தியிருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதியிருக்கிறேன். பூசி மெழுகவில்லை.

இனி இப்படிச் செய்வோம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண், இருப்பதிலேயே தடித்த தோலில் தைத்த உறை இத்துடன் வருகிறது. தையல் நேராக இருக்கிறது, அதற்கு மேல் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இதைப் போட்டுக் காட்டுங்கள் உங்கள் கத்திகளுக்கு. பதிலுக்கு எனக்கு ஒரு கத்தி அனுப்புங்கள். தேய்க்காதீர்கள். துடைக்கக்கூடச் செய்யாதீர்கள். நீங்கள் விற்கத் துணிகிற கத்திகளிலேயே எது மிகத் தடிப்போ அது எனக்கு வேண்டும்.

அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள். என் உறையைப் பற்றி எழுதும்போது பேனாவை மெதுவாக அழுத்தாதீர்கள்.

உறைப் பிரிவிலிருந்து,
உங்கள் சம்பந்தி


மார்ச் 1

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பார்சலில் வருவதைப் பார்த்து மனம் கோணாதீர்கள். தேர்ச்சி பெற்றதில் கடைசிக் கத்தி. காப்பில் கோடு தெரிகிறது. பிடி பூசணிக்காய்போல் இருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு இப்படி ஒரு பொருளை அனுப்ப எனக்குக் கை கூசுகிறது. துணியை எடுத்து ஒரு தடவை துடைக்கப் போனேன். உங்கள் வரி நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன்.

அறிக்கை போய்விட்டது. என் குற்றத்தை முதலில் எழுதினேன். தலைமை அலுவலக அதிகாரி உடனே கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சம்பந்தியாமே? சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்குப் பாதின்னு பங்கு போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருட வேலையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. "நீங்களே வந்து சோதிச்சுப் பாருங்க சார்" என்றேன்.

வரப்போகிறார். புதிய மாதிரிகளை வைத்துச் சில வாரம் வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, சொல்லாமல் உங்கள் இடத்துக்கு வருவார். தன் கையாலேயே உறைகளை எடுப்பார். அவற்றை இங்கே கொண்டுவந்து, என் கத்திகளையும் தானே பொறுக்கி, என் முன்னால் செருகிப் பார்ப்பார். உறையின் குற்றத்தால் ஒன்று தவறினாலும் பிளாஸ்டிக்தான் என்று சொல்லிவிட்டார்.

நானாகப் போய் வாயைக் கொடுத்து உங்கள் இருபத்தாறு பேரை இதில் மாட்டிவிட்டேனோ என்று இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 26

சம்பந்திக்கு,

வந்தார். போனார். அவசரமாக இரண்டு வரி.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. யாரையும் பக்கத்தில் வரவிடவில்லை. மேசை, அலமாரி, சுவரோரம் என்று கண்ணில் பட்ட கூடையிலெல்லாம் கையை விட்டு அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பேச வேண்டாம், உறை பேசட்டும்" என்றார். சரி, பேசட்டும் என்று நின்றேன்.

அவர் போன பிறகு ஒருத்தியும் ஊசியைத் தொடவில்லை. "அக்கா, பொழைச்சுக்குவோமா?" என்றாள் ஒருத்தி. "பிழைக்கறது என்னடி, நாம ஜெயிப்போம்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். எனக்கே கேட்க வேண்டியிருந்தது.

நீங்கள் அனுப்பிய தடித்த கத்தியில்தான் இப்போது ஒவ்வொரு உறையையும் போட்டுப் பார்க்கிறோம், வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற பொருளாகவும் ஆகிவிட்டது. பூசணிக்காய் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

சம்பந்தி


மார்ச் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சோதனை முடிந்தது. உங்கள் பிரிவு தப்பித்தது. முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

அதிகாரி கத்தியும் உறையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் செருகினார். குலுக்கினார். குனிந்தார். தன் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். பிசிறில்லாமல் எல்லாம் நின்றன. அவர் முகம் இளகி வரும்போது, கடைசிக்குச் சற்று முன்னால், ஒன்று மாட்டவில்லை. பட்டி எட்டவே இல்லை. ஆலை முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அது என் கத்தியின் குற்றம். பார்த்ததுமே சொல்லிவிட்டேன், காப்பு தடித்திருக்கிறது என்று. அவரும் என்னை நம்பி அளக்கக் கேட்கவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், வரட்டும். உறையைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். இறுதி முடிவு இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் தோல்தான் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார்.

ஒரு சின்ன விஷயம், தப்பாக நினைக்காதீர்கள். அந்த உறையின் வளையத்தில் வெட்டாமல் விட்ட சிவப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி கண்ணில் பட்டால் வேலையில் சுத்தமில்லை என்று நினைப்பாரே என்று சட்டென உள்ளே மடித்துவிட்டேன். உங்கள் பெண்களிடம் நூல் முனையைக் கத்தரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்திக்கு,

பிப்ரவரி மாதம் நான் எழுதிய முதல் கடிதம் உங்களிடம் இருக்கிறதா? காரத்தை ஒதுக்கிவிட்டுப் படித்ததாகச் சொன்னீர்களே, அதைத்தான் கேட்கிறேன். காரத்தோடு சேர்த்துச் சிவப்பு நூலையும் ஒதுக்கிவிட்டீர்கள். மறுபடி எடுத்துப் படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

படித்தாயிற்றா? அது வெட்டாமல் விட்ட நூல் இல்லை. அது எங்கள் தீர்ப்பு. அதிகாரி வந்த அன்று காலைதான் அந்த உறை உங்கள் பூசணிக்காயில் மாட்டவில்லை என்று பட்டன் அடிக்கும் பெண் சிவப்பு முடிச்சுப் போட்டுச் சுவரோரக் கூடையில் எறிந்தாள். அதே பெண்தான், அன்று அழுதவள். அந்தக் கூடையிலும் மனிதர் கையை விட்டார். தவறிய ஒரே உறை, நாங்கள் ஏற்கெனவே தள்ளிவைத்த உறை! இதைவிட எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சாட்சியை விரலால் உள்ளே மடித்திருக்கிறீர்கள்.

காப்பு தடித்திருக்கிறது என்று பார்த்ததுமே சொன்னீர்களாம். கல்யாண மோதிரத்தையே வெர்னியரில் வைத்து அளந்து பார்த்த மனிதர் நீங்கள். அளக்காமல் சொன்னீர்கள் என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

மறுபடியும் அதே வேலை. சம்பந்தி என்று முதல் தடவை கத்தியைத் தேய்த்தீர்கள், இப்போது உண்மையைத் தேய்த்திருக்கிறீர்கள். உங்கள் மனது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்ததும் கண் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு வேண்டாம். உங்கள் நல்ல கத்தியின் மேல் பழியைப் போட்டு எங்கள் உறை நிமிர்ந்து நிற்க வேண்டாம்.

பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நான் எழுதினா உள்ளதும் போகலாம். தவறினது உறைன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றேன். பட்டன் அடிக்கும் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எழுதுங்கக்கா. அது நான் போட்ட முடிச்சு. அவர் பிரிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

நேற்றே அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

உறைப் பிரிவிலிருந்து,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அதிகாரி இன்று காலை என்னைக் கூப்பிட்டார். உங்கள் கடிதம் அவர் மேசையில் விரித்திருந்தது. அலமாரியைத் திறந்து அந்த உறையை எடுத்தார். நான் மடித்துவைத்த நூலை நகத்தால் நிமிண்டி வெளியே எடுத்தார். முடிச்சு அப்படியே இருந்தது.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன்போல் நின்றேன். அன்று மாட்டாமல் போன கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, என் கையாலேயே அளக்கச் சொன்னார். அளந்தேன். இம்மி பிசகவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் உங்கள் கடிதத்தை எடுத்து, அதில் ஒரு வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். "அவர் விற்கத் துணிந்த கத்தியில் குற்றம் இருக்காது, அவரே சொன்னாலும் நம்பாமல் அளந்து பாருங்கள்."

அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

தோல் உறை தொடரும். என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். பொய் சொன்னதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, அது நியாயம்தான். இனிமேல் பெட்டியை மூடும் முன் கத்தியையும் உறையையும் ஒருமுறை சேர்த்துப் பார்க்கக் கிடங்கிலேயே ஆள் இருக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. யாரைப் போடலாம் என்று கேட்டார். முடிச்சுப் போட்ட பெண்ணைச் சொன்னேன். இது சலுகை இல்லை, அளந்துதான் சொன்னேன்.

நீங்கள் தைத்த மாதிரி உறையைத் திருப்பித் தரப்போவதில்லை. அது எனக்கு வந்தது. நான் தேய்த்த மாதிரிக் கத்தியையும் நீங்கள் தர வேண்டாம். உள்ளே வைக்கக் கத்தி இல்லாத உறை இங்கேயும், உறை இல்லாத கத்தி அங்கேயும் இருக்கட்டும். பார்க்கிறவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கதை இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நகல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அலுவலகக் காகிதம், முடியாது என்றுவிட்டார். பரவாயில்லை, மனப்பாடமாகிவிட்டது.

இன்று மாலை போன் செய்கிறேன். இந்தத் தடவை நான் முதலில் வைக்க மாட்டேன்.

உங்கள் சம்பந்தி,
அரை மில்லி